அமெரிக்காவில் நோய்த் தடுப்புப் பரிசோதனைகளைப் பரிந்துரைக்கும் நிபுணர் குழு சுகாதார அமைச்சருக்குக் கட்டுப்பட்டதா?

ஆமாம். 2025 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் அப்படித்தான் தீர்ப்பளித்தது.

குழுவில் சம்பளமில்லாமல் உழைக்கும் 16 நிபுணர்களுக்கு இடமுண்டு. 2010-இல் வந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டப்படி (‘ஒபாமாகேர்’), அவர்கள் ‘ஏ’ அல்லது ‘பி’ தரம் கொடுத்து, அதாவது பயனுள்ளவை என்று பரிந்துரைத்தவற்றுக்குப் பெரும்பாலான தனியார் காப்பீடுகள் முழுச் செலவையும் ஏற்க வேண்டும். 45 வயதில் பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொள்பவர் கைக்காசு போட வேண்டியதில்லை என்பது அதனால்தான்.

எச்ஐவி தடுப்பு மாத்திரைக்குக் காப்பீடு தர மறுத்த டெக்சாஸ் முதலாளிகள், செனட் ஒப்புதல் இல்லாததால் இந்தக் குழுவின் நியமனமே செல்லாது என்று வழக்குப் போட்டார்கள். சுகாதார அமைச்சர் உறுப்பினர்களை நினைத்தபோது நீக்கலாம், பரிந்துரையை அமலுக்கு வருமுன் தடுக்கலாம். ஆகவே அவர்கள் அமைச்சருக்குக் கீழ்ப்பட்டவர்களே, செனட் ஒப்புதல் இல்லாமலே நியமனம் செல்லும் என்றது நீதிமன்றம்.

இலவசப் பரிசோதனை தப்பியது, நல்லது. ஆனால் ‘இயன்றவரை அரசியல் அழுத்தமின்றி’ குழு இயங்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. நீக்கும் அதிகாரம் அமைச்சர் கையில் இருக்கும்போது அது எவ்வளவு நிலைக்கும் என்பதே என் கவலை.