முதல் பாஸ் தூண்டில்: ராடு, நரம்பு, லூர் எதை வாங்குவது?

கேள்வி: டாலஸ் பக்கம் ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். 12 வயது மகனுக்குப் பாஸ் மீன் பிடிக்க வேண்டும் என்று ஒரே ஆசை. ஊரில் மண்புழு கோத்துக் கெண்டை பிடித்ததோடு சரி, லூர் என்கிற செயற்கை இரை எனக்குப் பழக்கமில்லை. கடையில் சுவர் முழுக்க லூர் தொங்குகிறது. ராடு 30 டாலரிலும் இருக்கிறது, 300 டாலரிலும் இருக்கிறது. படகு இல்லை, கரையிலிருந்துதான் போடுவோம். மும்முள் கொக்கி வைத்த லூர்கள் வாங்கிப் போய், எல்லாம் பாசியில் மாட்டி அறுந்துவிட்டன. எதை வாங்குவது?

பதில்: லூர் பாசியில் மாட்டியது என்றால் நீங்கள் சரியான இடத்தில்தான் போட்டிருக்கிறீர்கள். வாங்கிய லூர்தான் அந்த இடத்துக்கு ஆகாதது. லார்ஜ்மவுத் பாஸ் நம் ஊர் விரால் மாதிரி பதுங்கி இருந்து பாய்கிற மீன். படகுத்துறையின் நிழல், தண்ணீரில் சாய்ந்த மரம், ஹைட்ரில்லா பாசியின் ஓரம் என்று மறைவு இருக்கிற இடத்தில்தான் அது நிற்கும். வெறும் தண்ணீரில் போட்டால் லூர் பத்திரமாகத் திரும்பி வரும், மீன் வராது. ஆகவே முதலில் வாங்க வேண்டியது பாசிக்குள் மாட்டாமல் போய்வரும் லூர். ராடையும் நரம்பையும் அதற்கேற்ப எடுக்கலாம்.

அந்த லூர் பிளாஸ்டிக் புழு. 1949இல் ஒஹையோவின் ஏக்ரனில் நிக் க்ரீம் என்பவர் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிறகு அவருடைய நிறுவனம் உங்களுக்குக் கிழக்கே இருக்கும் டைலர் நகரத்துக்கே இடம் மாறியது. அதை டெக்சஸ் ரிக் முறையில் கோத்தால் கொக்கி முனை புழுவின் உடம்புக்குள் மறைந்துகொள்ளும். 6 அல்லது 7 அங்குலப் புழு ஒரு பாக்கெட், 3/0 அளவு ஆஃப்செட் கொக்கி (காதுக்குக் கீழே மடிப்புள்ளது), 3/16 அவுன்ஸ் தோட்டா வடிவ எடை, இவ்வளவு போதும். 3/16 அவுன்ஸ் என்பது ஏறக்குறைய 5 கிராம்.

கோப்பதைக் கொஞ்சம் பொறுமையாகச் செய்யுங்கள். எடையின் கூர்முனை ராடு பக்கம் பார்க்கும்படி முதலில் நரம்பில் கோத்துவிட்டு, கொக்கியைக் கட்டுங்கள். கொக்கி முனையைப் புழுவின் தலையில் கால் அங்குலம் நேராக ஏற்றிப் பக்கவாட்டில் வெளியே எடுங்கள். கொக்கியின் காது வரை புழுவை இழுத்து, கொக்கியை அரைச்சுற்று திருப்புங்கள். இப்போது கொக்கியைப் புழுவின் மேல் சாய்த்துப் பார்த்தால் வளைவு எந்த இடத்தில் வந்து நிற்கிறது என்று தெரியும். அந்த இடத்தில் குத்தி, முனை மறுபக்கத் தோலுக்கு அடியில் ஒளிந்திருக்கும்படி விடுங்கள். தூக்கிப் பார்த்தால் புழு நேராகத் தொங்க வேண்டும். வளைந்திருந்தால் இழுக்கும்போது சுழலும், நரம்பு முறுக்கிக்கொள்ளும், மீனும் தொடாது. அப்படி இருந்தால் கழற்றி மறுபடி கோத்துப் பாருங்கள்.

போட்டதும் இழுக்காதீர்கள். புழு தரை தொடும் வரை நரம்பைப் பார்த்துக்கொண்டிருங்கள், ஏனென்றால் இறங்கும்போதே கடிப்பதுதான் அதிகம். நரம்பு வெடுக்கென்று துள்ளினாலோ, பக்கவாட்டில் நகர்ந்தாலோ மீன் வாயில் இருக்கிறது. ஒன்றும் நடக்கவில்லை என்றால் ராடு நுனியை மெல்ல ஓரடி உயர்த்தி மறுபடி இறங்க விடுங்கள். கடி தெரிந்ததும் நுனியைத் தாழ்த்தி, தொய்வைச் சுற்றிக்கொண்டு ராடைப் பலமாக மேலே சுண்டுங்கள். கொக்கி முதலில் பிளாஸ்டிக்கைத் துளைத்துத்தான் வாயில் ஏற வேண்டும், மெதுவாகத் தூக்கினால் பதியாது.

இந்த ஒரு வேலைக்காகவே ராடில் ஃபாஸ்ட் என்று போட்டிருக்க வேண்டும் என்கிறேன். பிடிக்கு மேலே சின்ன எழுத்தில் இரண்டு விஷயம் இருக்கும். மீடியம், மீடியம் ஹெவி என்பது ராடின் வலு. ஃபாஸ்ட், மாடரேட் என்பது அது எங்கே வளைகிறது என்பது. ஃபாஸ்ட் ராடு நுனிப் பக்கம் மட்டும் வளையும், அதனால் சுண்டுகிற வேகம் கொக்கிக்குப் போய்ச் சேரும். உங்களுக்கு 7 அடி மீடியம் ஹெவி ஃபாஸ்ட், மகனுக்கு 6 அடி 6 அங்குல மீடியம் ஃபாஸ்ட். பக்கத்திலேயே எத்தனை அவுன்ஸ் லூர் தாங்கும் என்றும் அச்சடித்திருக்கும். புழுவும் எடையும் சேர்த்து அந்த எல்லைக்குள் வருகிறதா என்று பாருங்கள். லூர் அதைவிட இலேசாக இருந்தால் ராடு வளையாது, தூரம் போகாது.

இரண்டுமே ஸ்பின்னிங் ராடாக இருக்கட்டும். கடைக்காரர் பெய்ட்காஸ்டர் காட்டுவார். நல்ல கருவிதான், ஆனால் லூர் பறக்கும்போது அதன் ஸ்பூலும் (நரம்பு சுற்றிய உருளை) சுழல்கிறது. லூர் வேகம் குறையும் நேரத்தில் கட்டைவிரலால் ஸ்பூலை அடக்காவிட்டால் நரம்பு மொத்தமும் குருவிக்கூடாகிவிடும். முதல் வருடம் பையன் சிக்கெடுப்பதிலேயே பொழுதைக் கழித்தால் ஆசை போய்விடும். ரீல் 2500 அளவு போதும். மீன் இழுக்கும்போது நரம்பை அளவாக விட்டுக்கொடுப்பது ரீலில் உள்ள டிராக். 30 டாலர் செட்டில் அது விட்டு விட்டு இழுக்கும், பெரிய மீன் ஓடும்போது நரம்பு அறுவது அதனால்தான். ராடும் ரீலும் சேர்ந்த செட் 60 முதல் 100 டாலருக்குள் எடுங்கள். 300 டாலர் ராடு இப்போது வேண்டாம்.

மிச்சப்படும் பணத்தை நரம்பில் போடுங்கள். சாதாரண நைலான் நரம்பு நீளும், புழுவுக்கு அந்த நீட்சி ஆகாது. 20 பவுண்டு பின்னல் நரம்பைச் சுற்றி, நுனியில் ஐந்தாறு அடி 12 பவுண்டு ஃப்ளோரோகார்பன் கட்டுங்கள். பின்னல் நரம்பு நீளாது. ஃப்ளோரோகார்பன் தண்ணீரில் எளிதில் கண்ணில் படாது, கல்லில் உரசினாலும் தாங்கும். கொக்கிக்குப் பாலோமார் முடிச்சு. இறுக்கும் முன் எச்சில் தொட்டு நனையுங்கள். காய்ந்த முடிச்சு உரசிச் சூடாகி வலுவிழக்கும்.

அப்படியும் எப்போதாவது மாட்டும். உடனே பிடித்து இழுக்காதீர்கள். நரம்பைத் தளர்த்தி, பக்கவாட்டில் சில அடி நடந்து, வேறு கோணத்தில் நுனியை ஆட்டிப் பாருங்கள். பெரும்பாலும் விடுபடும். பின்னல் நரம்பை மட்டும் கையில் சுற்றி இழுக்கவே கூடாது, சதையை அறுத்துவிடும். ஒரு குச்சியில் சுற்றி இழுங்கள்.

புழுவோடு இன்னும் இரண்டு லூர் போதும். மகனுக்கு 5 அங்குல சென்கோ, குச்சி மாதிரி தடித்த மென்பிளாஸ்டிக் புழு. நடுவில் ஒரே குத்து, எடையே வேண்டாம், போட்டுவிட்டுச் சும்மா இருந்தாலே நடுங்கிக்கொண்டு இறங்கும். அவனுடைய முதல் மீன் இதில்தான் வரும் என்பது என் எண்ணம். மற்றது 3/8 அவுன்ஸ் வெள்ளை ஸ்பின்னர்பெய்ட், லவோன் மாதிரிக் கலங்கல் ஏரிக்கும் காற்று வீசும் நாளுக்கும். அதன் தகடு சுழலும் அதிர்வை மீன் உணர்ந்து தேடி வரும். நிறத்துக்கு ரொம்ப யோசிக்காதீர்கள். தெளிந்த தண்ணீருக்குப் பச்சைப் பழுப்பான கிரீன் பம்ப்கின், கலங்கலுக்குக் கறுப்பு நீலம். மும்முள் லூர் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கரைக்காரர்களுக்கு மார்ச், ஏப்ரல்தான் பொற்காலம். தண்ணீர் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும்போது பாஸ் முட்டையிட ஆழமில்லாத கரையோரம் வருகிறது. கோடையில் விடியற்காலையும் பொழுது சாயும் கடைசி ஒரு மணி நேரமும் மட்டும் போங்கள்.

மகனுக்கு 17 வயது ஆகும் வரை உரிமம் தேவையில்லை, உங்களுக்கு வேண்டும். டெக்சஸ் மாநிலப் பூங்காவுக்குள் கரையிலிருந்து பிடித்தால் உங்களுக்கும் தேவையில்லை, ஆகவே முதல் சில தடவை அங்கே போகலாம். லார்ஜ்மவுத் 14 அங்குலத்துக்குக் குறைந்தால் விட்டுவிட வேண்டும், ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 மீன் என்பது பொதுவிதி. சில ஏரிகளுக்குத் தனி விதி உண்டு. 1992இல் 18.18 பவுண்டு பாஸ் மாட்டிய லேக் ஃபோர்க்கில் 16 முதல் 24 அங்குலம் வரை உள்ள மீனை வைத்துக்கொள்ளக் கூடாது. போகும் ஏரியின் விதியைக் கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள்.

கடையில் ஒரு நீள்மூக்கு இடுக்கியும் வாங்குங்கள். மகனுடைய கொக்கிகளின் எதிர்முள்ளை அதால் நசுக்கிவிட்டால், மீன் வாயிலிருந்தோ அவன் விரலிலிருந்தோ கொக்கி சுலபமாகக் கழன்றுவரும். இருவரும் கண்ணுக்குக் கண்ணாடி போடுவது கட்டாயம், பக்கத்தில் நிற்பவர் வீசும் கொக்கி முகத்துக்குத்தான் வரும்.