தேய்த்தும் தேய்த்தும் நிற்காத மெருகு

கேள்வி: தோலில் பர்ஸ், கார்டு உறை எல்லாம் கையாலேயே செய்கிறேன். விளிம்பைத் தண்ணீர் தொட்டு ஸ்லிக்கரால் (விளிம்பைத் தேய்த்து மெருகேற்றும் கருவி) அரை மணி நேரம் தேய்த்தால் அன்றைக்குப் பளபளவென்று இருக்கிறது, ஒரு வாரம் சட்டைப் பையில் இருந்து வந்தால் நார்நாராகக் கிளம்பிவிடுகிறது. நல்ல மர ஸ்லிக்கராக வாங்கினால் சரியாகுமா?

ஸ்லிக்கருக்குச் செலவு செய்யாதீர்கள். முதலில் தோலைப் பாருங்கள். ஒரு துண்டைப் புதிதாக வெட்டி விளிம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். சட்டென்று உறிஞ்சி நிறம் கறுத்தால் பெரும்பாலும் அது பட்டை, இலைச் சாற்றில் பதனிட்ட வெஜ் டான் தோல். வெட்டிய இடத்தின் நடுவில் சாம்பல் நீலம் தெரிந்தால் அது குரோமிய உப்பில் பதனிட்ட குரோம் டான். ஈரமும் தேய்ப்பதில் வரும் சூடும் சேர்ந்தால் வெஜ் டான் நார்கள் படுத்துக்கொள்ளும், காய்ந்த பிறகும் அப்படியே இறுகி நிற்கும். குரோம் தோலின் நார்கள் துள்ளி எழுந்துவிடும், எவ்வளவு தேய்த்தாலும் அப்படித்தான், அதற்கு விளிம்புப் பெயிண்ட் அடிப்பதோ விளிம்பை மடித்துத் தைப்பதோதான் வழி.

உங்களுடையது வெஜ் டான் என்றால், தேய்ப்பதற்கு முந்தைய வேலையில்தான் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. மெருகில் முக்கால் பங்கு வெட்டிலும் உப்புத்தாளிலும்தான் என்பது என் தீர்மானமான எண்ணம். ஒட்டித் தைத்த அடுக்குகளைக் கூரான கத்தியால் ஒன்றாகச் சீவி, 220 எண் உப்புத்தாளால் சமமாக்கி, அப்புறம் இரண்டு பக்க மூலையையும் பெவலரால், அதாவது விளிம்பின் கூர்மூலையைச் சீவி எடுக்கும் சிறு கருவியால், இழையுங்கள். இந்த மூலையை எடுக்காமல் தேய்த்தால் அது நசுங்கி உதடு மாதிரி வெளியே பிதுங்கும், பிறகு நார் கிளம்புவதும் அந்த உதட்டிலிருந்துதான். அடுத்து 400, 600 என்று போங்கள். சாயம் போடுவதாக இருந்தால் இந்த இடத்திலேயே போட்டுவிட வேண்டும், மெழுகு ஏறிய பிறகு சாயம் உள்ளே இறங்காது.

ஈரத்தில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள், நானும் முதலில் செய்த பெல்ட்டின் விளிம்பை முழுக்க நனைத்து அழுத்தித் தேய்த்தேன், அது காளான் குடை மாதிரி இரண்டு பக்கமும் விரிந்துவிட்டது, திரும்ப அரை மில்லிமீட்டர் சீவி எடுத்த பிறகுதான் வழிக்கு வந்தது. விரல் நுனியில் தொட்டுத் தடவுகிற ஈரம் போதும். ஒரு சாண் நீளம் மட்டும் நனைத்து, கேன்வாஸ் துணியால் அழுத்தாமல் வேகமாகத் தேய்த்துக்கொண்டே வாருங்கள். முதலில் துணி பிடித்துப் பிடித்து இழுக்கும். கொஞ்ச நேரத்தில் அந்த இழுப்பு விட்டுப்போய்த் துணி வழுக்கிக்கொண்டு ஓடும், சத்தமே மாறும், விரலுக்கு இளஞ்சூடு தெரியும், விளிம்பும் ஒரு படி கறுத்து கண்ணாடி மாதிரி ஆகும். அந்த நிமிடத்தில் நிறுத்திவிட்டு அடுத்த சாணுக்குப் போங்கள்.

ஆனால் வெறும் தண்ணீரில் வரும் மெருகு பையில் உரச உரச நீடிக்காது, நாரைப் பிடித்து வைக்க ஒரு பசை வேண்டும். டிராககாந்த் என்ற செடிப் பிசினோ, டோகோனோலே என்று கடையில் விற்கும் மெருகுப் பசையோ மெல்லத் தடவி அதே மாதிரி தேய்த்து, நன்றாகக் காய விட்டு, 800 எண்ணால் லேசாகத் தேய்த்து, மறுபடி பசை. இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகு தேன்மெழுகை விளிம்பில் ஓட்டித் துணியால் சூடு வரத் தேய்த்தால் பையில் உரசுவதை அது தாங்கும். ஒன்று மட்டும்: வயிற்றுப் பகுதித் தோலில் நார் தளர்வாக இருக்கும், அதில் முதுகுத் தோல் அளவுக்கு இறுக்கம் எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி: இரண்டு தோலை ஒட்டினால் நடுவில் ஒரு கோடு தெரிகிறது. சாயம் போட்டாலும் மறையவில்லை.

அது பசைக்கோடு. பசை சாயத்தைக் குடிக்காது, அதனால்தான் சாயம் போடப் போட இன்னும் எடுப்பாகத் தெரிகிறது. இரண்டு பக்கமும் மெல்லியதாகப் பூசி, கையில் ஒட்டாத பதத்துக்குக் காய விட்டு, விளிம்பு வரை அழுத்தி ஒட்டுங்கள். ஏற்கெனவே செய்த பொருளுக்கு ஒரு வழி இருக்கிறது, விளிம்பில் பிசின் தடவி அது ஈரமாக இருக்கும்போதே 400 எண் உப்புத்தாளால் தேய்த்தால், கிளம்பும் தோல் தூளும் பிசினும் கூழாகி அந்த இடுக்கில் இறங்கும். காய்ந்த பிறகு வழக்கம்போல மெருகேற்றலாம். எனக்கு மிகவும் பிடித்த வேலை இது, கோடு கண்ணெதிரே கரைவதைப் பார்க்கலாம்.

கேள்வி: குரோம் தோல் பையில் அடித்த விளிம்புப் பெயிண்ட் செதில் செதிலாக உரிகிறது.

ஒரே பூச்சில் தடிமனாக அடித்திருப்பீர்கள், அல்லது அடியில் மெழுகு இருக்கிறது. மெழுகின்மேல் பெயிண்ட் பிடிக்கவே பிடிக்காது. பழையதை முழுக்கச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, குத்தூசியின் பக்கவாட்டால் மெல்லிய பூச்சாக இழுத்து விடுங்கள். முதல் பூச்சு தோலுக்குள் இறங்கிவிடும், பார்க்க ஒன்றுமே அடிக்காதது போல இருக்கும், பயப்படாதீர்கள். நன்றாகக் காய்ந்ததும் 600 எண்ணால் தேய்த்துவிட்டு அடுத்த பூச்சு, இப்படி மூன்று நான்கு தடவை. பையின் கைப்பிடி மாதிரி அடிக்கடி வளையும் இடத்தில் இன்னும் மெல்லிசாகவே வைத்துக்கொள்ளுங்கள்.