‘கவர்மென்ட் வேலை, யாரும் அசைக்க முடியாது’: நிஜமா?

கேள்வி: என் மைத்துனர் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் இருக்கிறார். பதினொரு மணிக்குப் போகிறார், மூன்று மணிக்கு வீட்டில் இருக்கிறார். கேட்டால், "கவர்மென்ட் வேலை மாமா, யாரும் அசைக்க முடியாது" என்கிறார். நிஜமாகவே முடியாதா?
(ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: முடியும். அரசியல் சட்டத்தின் 310வது பிரிவை அவரிடம் படித்துக் காட்டுங்கள், கொஞ்சம் தூக்கம் போகும். குடியரசுத் தலைவரின் விருப்பம் உள்ளவரைதான் மத்திய அரசு ஊழியருக்குப் பதவி. அடுத்த பிரிவான 311 வந்து அந்த அதிகாரத்துக்கு மூக்கணாங்கயிறு போடுகிறது. வேலை கொடுத்தவருக்குக் கீழே இருப்பவர் டிஸ்மிஸ் செய்யக் கூடாது, குற்றச்சாட்டைச் சொல்லாமல், விசாரிக்காமல், ஊழியர் தரப்பைக் கேட்காமல் அனுப்பவும் கூடாது. இதற்கும் மூன்று விதிவிலக்கு உண்டு: கிரிமினல் வழக்கில் தண்டனை, விசாரணை நடத்தவே சாத்தியமில்லாத நிலை, நாட்டின் பாதுகாப்பு. 1985ல் துளசிராம் படேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த விதிவிலக்குகள் செல்லும் என்று சொல்லிவிட்டது.

லேட்டாக வருவதற்கெல்லாம் அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். ஒவ்வொரு தாமதத்துக்கும் அரை நாள் கேஷுவல் லீவைக் கழிக்கலாம் என்று பழைய உத்தரவே இருக்கிறது. நியாயமான காரணம் இருந்தால் மாதத்தில் இரண்டு தடவை, ஒரு மணி நேரம் வரை மன்னிக்கலாம், அவ்வளவுதான். அப்புறம் எஃப்.ஆர். எனப்படும் அடிப்படைப் பணி விதிகளில் 56ஜே என்று ஒன்று. ஏ, பி பிரிவுகளில் 35 வயதுக்கு முன் சேர்ந்தவரை 50 வயதுக்கு மேல், மற்றவர்களை 55க்கு மேல், பொதுநலன் கருதி மூன்று மாத நோட்டீஸோ அந்த மூன்று மாதச் சம்பளமோ கொடுத்து அனுப்பிவிடலாம். கட்டாய ஓய்வுதான், தண்டனைக் கணக்கில் வராது, ஓய்வுக்காலப் பலன்களும் போகாது, அதனால் 311 விசாரணையும் தேவையில்லை. இந்த வயதை நெருங்குபவர்களுக்குப் பதிவேடு வைத்து காலாண்டுக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லி 2020 ஆகஸ்டில் பணியாளர் மற்றும் பயிற்சித் துறை மறுபடியும் உத்தரவு போட்டது.

இவ்வளவும் இருந்தும் உங்கள் மைத்துனர் நிம்மதியாக இருக்கிறார் என்றால், அவருடைய மேலதிகாரி வருடா வருடம் பணி மதிப்பீட்டில் "மிக நன்று" என்று எழுதிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். எதற்கு வம்பு, நாமும் அடுத்த வருடம் மாற்றலில் போகப்போகிறோம் என்ற எண்ணம். நாளைக்கே 56ஜேயை எடுத்தால் இருபது வருட "மிக நன்று" எதிரே வந்து நிற்கும், எந்தத் தீர்ப்பாயத்திலும் அதைத் தாண்டுவது கஷ்டம்.

கேள்வி: எனக்குத் தலைகீழ் பிரச்சினை. நன்றாகத்தான் வேலை பார்க்கிறேன், ஆனால் இந்த வருட மதிப்பீட்டில் பத்துக்கு 5.5 போட்டிருக்கிறார் அதிகாரி. விட்டுவிடலாமா?
(ஒரு வாசகி, ஆவடி)

பதில்: விடவே கூடாது சகோதரி. 4 முதல் 6க்குள் இருந்தால் "நன்று", 6 முதல் 8க்குள் இருந்தால்தான் "மிக நன்று". கேட்பதற்கு நல்ல வார்த்தையாக இருக்கும் இந்த "நன்று"தான் ஆளைக் கவிழ்க்கும். பத்து, இருபது, முப்பது வருடத்தில் வரும் எம்.ஏ.சி.பி. உயர்வுக்கே (புரமோஷன் கிடைக்காவிட்டாலும் கிடைக்கும் சம்பள உயர்வு) "மிக நன்று" வேண்டும் என்று 2016ல் மாற்றிவிட்டார்கள். எல்லைச் சாலைப் பிரிவின் பொறியாளர் தேவ் தத்துக்கு இப்படித்தான் ஒரே ஒரு வருட "நன்று" புரமோஷனைத் தடுத்தது, அதை அவரிடம் யாரும் சொல்லவே இல்லை. 2008ல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கில், நல்லதோ கெட்டதோ எல்லா மதிப்பீட்டையும் ஊழியருக்குக் காட்ட வேண்டும் என்றது. உங்களுக்கு 5.5 என்று தெரிந்ததே அந்தத் தீர்ப்பின் புண்ணியம். கைக்கு வந்த 15 நாளுக்குள் முறையீடு கொடுங்கள். அதில் அதிகாரியின் குணத்தைப் பற்றி எழுத வேண்டாம். உங்களுக்குக் கொடுத்த வேலை, முடித்த தேதி, பைல் எண் மட்டும் போதும்.

கேள்வி: யு.பி.எஸ். என்ற ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டமும் பழைய பென்ஷனும் ஒன்றுதானே?
(ஒரு வாசகர், அரக்கோணம்)

பதில்: இல்லை. 2025 ஏப்ரல் 1 முதல் வந்த இதில் உங்கள் சம்பளத்திலிருந்து 10 சதவீதம் பிடித்தம் உண்டு, பழையதில் பென்ஷனுக்கென்று பிடித்தமே இல்லை. கடைசி 12 மாத அடிப்படைச் சம்பள சராசரியில் பாதி கிடைக்கும், அது முழுதாகக் கிடைக்க 25 வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும். 10 வருடம் முடித்திருந்தால் மாதம் குறைந்தது 10,000 ரூபாய்.

கேள்வி: உங்கள் கையில் அதிகாரம் இருந்தால் எந்த விதியை முதலில் மாற்றுவீர்கள்?
(ஒரு வாசகர், நாகர்கோவில்)

பதில்: விதியைத் தொடுவதற்கு முன் காலி நாற்காலிகளை நிரப்புவேன். 2021 மார்ச் 1 கணக்குப்படி மத்திய அரசில் அனுமதிக்கப்பட்ட பணியிடம் 40.35 லட்சம், அதில் 9.79 லட்சம் காலி. நாலில் ஒன்று! கீழ்நிலைப் பணிகளுக்கு எல்லோரும் ஒரே பொதுத் தேர்வு எழுதலாம் என்று தேசிய ஆள்தேர்வு முகமைக்கு 2020 ஆகஸ்டில் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது, ஐந்து வருடம் கழிந்தும் அந்தத் தேர்வு நடக்கவில்லை. மேல்மட்டத்திலோ, 2024 ஆகஸ்டில் 45 பதவிகளுக்கு வெளியிலிருந்து நேரடியாக ஆள் எடுக்க விளம்பரம் வந்து, இடஒதுக்கீடு எங்கே என்ற கேள்வி எழுந்ததும் சில நாளிலேயே திரும்பப் பெற்றார்கள். வெளியாள் வருவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, இடஒதுக்கீட்டை வாசலிலேயே விட்டுவிட்டு வருவதில்தான். இதற்கிடையில் காலியிடத்து வேலையை ஏஜென்சி மூலம் வந்த ஒப்பந்தப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். அவர்களுக்கு 311ம் கிடையாது, முறையிட 15 நாளும் கிடையாது. கும்பகோணத்து மைத்துனர் மூன்று மணிக்குக் கிளம்பிய பிறகு அவருடைய பைலையும் யாராவது ஒரு பிள்ளைதான் முடித்து வைக்கிறதோ என்னவோ.

கேள்வி: மத்திய அரசில் கிளார்க். மனைவி இறந்து ஒரு வருடம் ஆகிறது, எட்டு வயதில் பையன். குழந்தை பராமரிப்பு லீவு பெண்களுக்கு மட்டும்தான் என்கிறார் செக்ஷனில். சரியா?
(ஒரு வாசகர், திண்டுக்கல்)

பதில்: தவறு. மனைவியை இழந்தவர், விவாகரத்தானவர், திருமணமாகாதவர் என்று தனியாகக் குழந்தை வளர்க்கும் ஆண் ஊழியருக்கும் 2018 முதல் இது உண்டு. பையனுக்கு 18 வயது ஆகும்வரை, மொத்தப் பணிக்காலத்தில் 730 நாள். முதல் 365 நாளுக்கு முழுச் சம்பளம், மீதிக்கு 80 சதவீதம். ஒரு தடவை எடுத்தால் குறைந்தது ஐந்து நாள் எடுக்க வேண்டும், முன்கூட்டியே அனுமதியும் வாங்க வேண்டும். மனைவியின் இறப்புச் சான்றிதழ், பையனின் பிறப்புச் சான்றிதழ் நகல்களை இணைத்து எழுத்தில் கொடுங்கள். வாயால் கேட்டால் இப்படித்தான் வாயாலேயே இல்லை என்று சொல்லி அனுப்புவார்கள்.