எந்த வெள்ளை அட்டை? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கையால் வாழ்த்து அட்டை செய்வது பற்றித் தாங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். அண்மையில் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) வெள்ளை அட்டை வாங்கினேன். ஏ4 தாளை நெடுக்குவாட்டில் இரண்டாக வெட்டி ஒவ்வொரு துண்டையும் மடித்தால், மடிப்பு வெடித்து உள்நார் தெரிகிறது. ரப்பர் முத்திரை குத்தினால் கோடுகளின் ஓரத்தில் மை கசிகிறது. பழைய கட்டிலிருந்த தாளை அருகில் வைத்தால் இது நீலம் பாரித்தும் அது பழுப்பேறியும் தோன்றுகின்றன. இதைவிடக் கனமான அட்டை வாங்க வேண்டுமா? நல்ல வெள்ளை அட்டையை எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கனமான அட்டை வேண்டாம். கனம் கூடினால் வெடிப்பும் கூடும். தாங்கள் தாளை வெட்டிய முறையில்தான் சிக்கல் இருக்கிறது.

ஆலையில் கூழ் நகரும் வலையின்மீது பரவிக் காகிதமாகும்போது, நார்களில் பெரும்பாலானவை இயந்திரம் ஓடும் திசையிலேயே படிந்துவிடுகின்றன. இந்த இழையோட்டத்துக்கு இணையாக மடித்தால் அட்டை இணங்கிக் கொடுக்கும், குறுக்காக மடித்தால் நார்கள் முறியும். மூங்கிலை நெடுக்கில் பிளப்பதற்கும் குறுக்கே ஒடிப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. ஏ4 அளவில் விற்கப்படும் தாள்களில் பெரும்பாலும் இழை 297 மி.மீ. பக்கத்தை ஒட்டியே ஓடும். ஆகவே தாங்கள் நெடுக்கில் வெட்டிய 105க்கு 297 துண்டை மடிக்கும்போது, மடிப்பு இழைக்குக் குறுக்கே விழுகிறது. அதே தாளைக் குறுக்கே பாதியாக வெட்டி, கிடைக்கும் 148க்கு 210 துண்டை மடித்துப் பாருங்கள்; அட்டையின் அளவு மாறாது, மடிப்பு மட்டும் இழையோடு சேர்ந்து போகும்.

இழை எப்பக்கம் ஓடுகிறது என்பதை உறுதிசெய்ய, தாளின் எதிரெதிர் விளிம்புகளைச் சேர்த்து, மடிப்பு விழாமல் உள்ளங்கையால் மெல்ல அழுத்துங்கள்; பிறகு மற்ற இரு விளிம்புகளையும் அவ்வாறே செய்யுங்கள். எந்த வளைவு கையை எதிர்க்காமல் அமர்கிறதோ, அதன் முதுகு நீளும் திசையே இழையின் திசை. மடிப்பதற்கு முன் அளவுகோலை வைத்து, கூர்மையற்ற முனையால் கோடு அழுத்துவதும் அவசியம். அழுத்திய பள்ளம் அட்டையின் வெளிப்புறத்திலும், மறுபக்கம் எழும் மேடு மடிப்பின் உட்புறத்திலும் வரவேண்டும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

எடையைப் பொறுத்தவரை, மடிக்கும் அடி அட்டைக்கு 210 முதல் 250 ஜிஎஸ்எம் போதும். மேலே பல அடுக்குகளை ஒட்டுவதாக இருந்தால் மட்டும் 300க்குப் போகலாம். பவுண்டில் எடை குறித்த கட்டுகளில் எச்சரிக்கை தேவை. 110 பவுண்டு ‘கவர்’ வகை ஏறத்தாழ 298 ஜிஎஸ்எம். அதே 110 பவுண்டு ‘இண்டெக்ஸ்’ வகையோ 199தான். பவுண்டு என்பது அந்தந்த வகைக்கென வகுத்த அடிப்படை அளவிலான 500 தாள்களின் எடை என்பதால், வகை மாறினால் கணக்கும் மாறிவிடும்.

மை கசிவது மேற்பரப்பைப் பற்றியது. தளர்வான, சொரசொரப்பான அட்டை மையை நார்வழியே இழுத்துக்கொள்கிறது. அதற்கு அஞ்சிப் பளபளப்புப் பூச்சுள்ள அட்டைக்குத் தாவினால், அதில் மை உறிஞ்சப்படாமல் வெகுநேரம் ஈரமாகவே நின்று, விரல் பட்டதும் இழுபடும். முத்திரைக்கு ஏற்றது பூச்சற்ற, ஆனால் நன்கு அழுத்தி வழவழப்பாக்கிய அட்டை. ஆல்கஹால் மார்க்கருக்கும் அதுவே பொருந்தும். எனினும் அந்த மை மறுபக்கம் ஊறக்கூடும் என்பதால், தனித்துண்டில் வண்ணம் தீட்டி அடி அட்டையில் ஒட்டுவது நல்லது. நீர்வண்ணத்துக்கு அதற்கான தாளையே வாங்குங்கள். எல்லா வேலைக்கும் ஏற்றது என்று உறையில் அச்சிட்டிருக்கும் அட்டையை நான் நம்புவதில்லை.

இனி நிறம். நீலம் பாரித்த வெண்மைக்குப் பெரும்பாலும் ஒளிர்வூட்டும் சேர்மங்களே காரணம். அவை கண்ணுக்குப் புலப்படாத புறஊதா ஒளியை உள்வாங்கி நீல ஒளியாக வெளிவிடுகின்றன. அதனால்தான் சில கட்டுகளில் பளிச்சின் அளவு (விழும் நீல ஒளியில் தாள் திருப்பி அனுப்பும் விழுக்காடு) 100ஐத் தாண்டியும் குறிக்கப்படுகிறது. வெயிலில் பளீரிடும் அத்தகைய அட்டை, புறஊதா குறைந்த எல்இடி விளக்கின்கீழ் மங்கலாகத் தெரியும். அச்சேர்மங்கள் ஆண்டுகள் செல்லச்செல்லச் சிதைந்து வெண்மையும் குறையும். நெடுநாள் காக்கப்படும் அட்டைகளுக்கு இவற்றைத் தவிர்த்து, அமிலமும் லிக்னினும் (தாளைப் பழுப்பாக்கும் மரப்பொருள்) அற்றவை என்று குறிக்கப்பட்டவற்றையே எடுங்கள். ஐஎஸ்ஓ 9706 குறியீடு இருந்தால் நிலைத்திருக்கும் தாளுக்கான தரத்தைக் கொண்டது என்று பொருள். வாங்குமுன் பகல் வெளிச்சத்திலும் விளக்கொளியிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இரண்டு வெள்ளைகளை ஒரே அட்டையில் சேர்க்காதீர்கள். சேர்த்தே ஆகவேண்டுமானால், இரண்டில் ஒன்று ஐயத்துக்கு இடமின்றிச் சந்தன வெள்ளையாக இருக்கட்டும்.

தங்களிடம் உள்ள 300 ஜிஎஸ்எம் கட்டு வீணில்லை. அதைக் குறுக்கே வெட்டி அடி அட்டையாகப் பயன்படுத்துங்கள். முத்திரை குத்துவதற்கு மட்டும் வழவழப்பான அட்டையில் சிறு கட்டு ஒன்று வாங்கிக்கொண்டால் போதும். அதையும் முழுக்கட்டாக வாங்கும் முன், ஒரு தாளில் தங்கள் மையைக் குத்திப் பாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்