சால் பாசன வயலில் தண்ணீர் இறங்குவதை மாதிரியாக்க, மண்ணில் பதிக்கும் இரட்டை வளைய அளவுகருவியில் எடுத்த அளவு போதுமா?

போதாது. வளையத்துக்குள் தண்ணீர் தேங்கி நின்று நேர்கீழே இறங்குகிறது. சாலிலோ ஓடிக்கொண்டே இறங்குகிறது, இரு பக்கப் பாரிலும், அதாவது மண்மேட்டிலும், கசிகிறது. போதாததற்கு, வளையத்தைச் சில அடி தள்ளிப் பதித்தால் வேறு எண் வரும். பேசாமல் அந்தச் சால் முழுவதையுமே அளவுகருவியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பாசன ஆய்வாளர்கள் எலியட்டும் வாக்கரும் 1982-இல் வெளியிட்ட இருபுள்ளி முறை இதற்குத்தான். 100 மீட்டர் சாலில் நொடிக்கு 1 லிட்டர் விடுகிறீர்கள். நீர்முனை, அதாவது ஓடும் தண்ணீரின் முன்நுனி, பாதித் தூரத்தை 20 நிமிடத்திலும் கடைசியை 60 நிமிடத்திலும் தொடுகிறது என்று வைப்போம். மொத்தம் விட்டது 3600 லிட்டர். மடையருகே நீரின் குறுக்குவெட்டு 100 சதுர செ.மீ. என்றால், முனைப் பக்கம் அது குறைவதற்காக 0.77-ஆல் பெருக்க, சாலில் நிற்பது 770 லிட்டர். மீதி 2830 லிட்டர் மண்ணுக்குள் போயிருக்கிறது. பாதித் தூரத்திலும் இப்படியே: 1200-இல் 385 போக 815. இந்த இரண்டு எண்களை வைத்து, எத்தனை நேரத்தில் எவ்வளவு நீர் மண்ணில் இறங்கும் என்று சொல்லும் கோஸ்தியாகோவ் சமன்பாட்டின் இரண்டு மாறிலிகளையும் கண்டுபிடித்துவிடலாம்.

ஆனால் அந்தச் சமன்பாட்டில் நேரம் போகப்போக இறங்கும் வேகம் பூஜ்யத்தை நோக்கிப் போய்விடும். நிஜ மண்ணில் ஒரு நிலையான வேகம் மிஞ்சும். கடைசியில் வழியும் நீர் சீரானதும், வரத்தில் வழிவதைக் கழித்துச் சால் நீளத்தால் வகுத்தால் அது கிடைக்கும். அதன் பங்கையும் முதலில் கழித்துவிட்டுத்தான் மாறிலிகளுக்குப் போக வேண்டும்.

கரிசல் என்றால் கொஞ்சம் கவனம். முதல் தண்ணீரில் நீர்முனை வெடிப்புக்குள் விழுந்து, அது நிரம்பிய பிறகே நகரும். அங்கே நேரத்தைச் சாராத மாறிலி ஒன்றையும் கூட்டிக்கொள்ள வேண்டும். வெடிப்பு மூடிய பின் அடுத்த தண்ணீருக்கு அந்த எண்கள் உதவாது. புதிதாக அளக்க வேண்டியதுதான். அப்புறம், டிராக்டர் சக்கரம் ஓடிய சாலில் மண் இறுகிக் கிடப்பதால் முனை விறுவிறுவென்று போய்விடும். அந்த ஒரு சாலில் மட்டும் அளந்துவிட்டு வயல் முழுக்கப் பொருத்தினால் கணக்கு கவிழ்ந்துவிடும்.

மென்பொருள் வேண்டுமானால் அமெரிக்க வேளாண் துறையின் வின்எஸ்ஆர்எஃப்ஆர் (WinSRFR) இலவசம். பாருக்குள் உரமோ உப்போ எப்படி நகர்கிறது என்பதுதான் கேள்வி என்றால் ஹைட்ரஸ் (HYDRUS) என்ற மென்பொருள் பக்கம் போகலாம். வெறும் பாசனத் திட்டத்துக்கு அது வீண் வேலை.

உங்கள் சால் 10 மீட்டர்தான் என்றால் இதில் எதுவும் வேண்டாம். தண்ணீர் சட்டென்று நிரம்பிவிடும். இரு முனையையும் அடைத்து, நிரப்பி, மட்டம் எத்தனை நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோலால் பார்த்தாலே போதும்.