சண்டையே இல்லாத அறிவியல் புனைகதையைப் பதினாறு வயதுப் பிள்ளைகள் படிப்பார்களா?

விண்வெளிச் சண்டை, ரோபோ எதுவும் இல்லாமல் நாலு பேர் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் கதையை இந்த வயதில் யார் படிப்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். என் அக்கா மகள் படித்தாள், ஒரே ராத்திரியில்.

சூசன் பெத் ஃபெஃபர் 2006-ல் எழுதிய ‘லைஃப் ஆஸ் வி நியூ இட்’. ஒரு விண்கல் மோதி நிலா பூமிக்கு நெருக்கமாக வந்துவிடுகிறது. கடல் பொங்குகிறது, எரிமலைச் சாம்பல் வெயிலை மறைக்கிறது. ஆனால் கடல் ஊரை விழுங்குவதை நாம் பார்ப்பதே இல்லை. நம் கையில் இருப்பது பென்சில்வேனியாவில் ஒரு சின்ன ஊரில் மிராண்டா என்ற பெண் எழுதும் டைரி மட்டும்தான்.

நிலாவையே தள்ளுகிற கல்லா என்று இயற்பியல் படித்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். அலை விஷயத்தில் கதை அடிப்படையில் சரிதான்: தூரம் பாதியானால் கடலை ஏற்றி இறக்கும் விசை எட்டு மடங்காகும்.

எனக்கு மறக்காத இடம் வேறு. அம்மா பத்திரப்படுத்தியிருந்த சாக்லேட் சிப்ஸ் பை மிராண்டா கண்ணில் படுகிறது. பசி. அள்ளி வாயில் போடுகிறாள், மாட்டிக்கொள்கிறாள். அம்மா பையைப் பிடுங்கவில்லை. மிச்சத்தையும் இப்பவே தின்று முடி என்று நிற்கிறார். தின்னத் தின்ன அது இறங்க மாட்டேன் என்கிறது. உலகம் அழிவதை எந்த வெடிச்சத்தமும் எனக்கு இப்படிக் காட்டியதில்லை.

அந்த வயதுப் பிள்ளைகளுக்கு இது ஏன் ஒட்டுகிறது? சண்டை அவர்களுக்குத் தெரிந்த சண்டை. தம்பிக்கு மட்டும் ஏன் ஒரு வேளை கூடுதலாகச் சாப்பாடு? எந்த வீட்டிலும் எழும் கேள்விதான். இங்கே அதற்குப் பதில், யாராவது ஒருவர்தான் பிழைக்க முடியும் என்றால் அது அவனாக இருக்கட்டும் என்று அம்மா நினைப்பது. பழகிய பொறாமைக்கு அடியில் இப்படி ஒன்றை வைக்கத்தான் அந்த விண்கல் தேவைப்பட்டது.

எல்லாருக்கும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். நடுவில் விறகு, தண்ணீர், டின் உணவு என்று பக்கம் பக்கமாகப் போகிறது. என் தம்பி மகன் அங்கேயே மூடி வைத்துவிட்டான். அக்கா மகளோ மறுநாள் காலையில் துவரம்பருப்பு டப்பாவைத் திறந்து, “இது எத்தனை நாளைக்கும்மா வரும்?” என்று கேட்டிருக்கிறாள். பரீட்சை பயத்தில் பிள்ளைக்கு என்னமோ ஆகிவிட்டது என்று அக்கா எனக்குப் போன் போட்டாள்.