கிட் காட்டாத இரும்பு

வணக்கம் ஐயா,
வீட்டின் பின்பக்கம் ஹைட்ரோபோனிக்ஸில் (மண்ணின்றி உரநீரில்) கங்கோங், சாவிக் கீரைகளை வளர்க்கிறேன். 200 லிட்டர் தொட்டிக்கு 13 சதவீத இரும்பு ஈடிடிஏ 4 கிராம் கரைத்தேன். நிறம் பார்க்கும் கிட் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம்தான் காட்டுகிறது. இன்னும் போடலாமா?
- வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

அன்புள்ள வாசகருக்கு,

போடாதீர்கள். 4 கிராம் உரத்தில் 0.52 கிராம் இரும்பு; 200 லிட்டரில் அது லிட்டருக்கு 2.6 மில்லிகிராம். கீரைக்கு இது போதும். மேலும் கொட்டினால் செடி மாங்கனீஸ் எடுப்பதும் குறையும்.

இரும்பு ஃபெரிக், ஃபெரஸ் என இரு வடிவங்களில் இருக்கும். உரத்தில் இருப்பது ஃபெரிக் இரும்பு; அதைக் கரைசலில் பிடித்து வைத்திருக்கும் சேர்மம்தான் ஈடிடிஏ. கிட் முதலில் அதை ஃபெரஸாக்க வேண்டும். பிறகுதான் கிட்டில் உள்ள ஃபெனாந்த்ரோலின் என்ற நிறம் தரும் மருந்து அதைப் பற்றி ஆரஞ்சு நிறம் தரும். ஆனால் ஃபெரிக் இரும்பை ஈடிடிஏ பிடிக்கும் பிடி சாதாரணமல்ல: பிடியின் வலிமையைச் சொல்லும் நிலைத்தன்மை மாறிலி சுமார் 10இன் 25ஆம் அடுக்கு. ஃபெரஸாகிவிட்டால் 14ஆம் அடுக்குக்கு இறங்கிவிடும். ஆகவே தாமதம் அந்த முதல் படியில்தான். கிட் சொல்லும் சில நிமிடங்களுக்குள் ஈடிடிஏவின் பிடியிலிருந்து விடுபட்ட இரும்பு மட்டுமே நிறமாகத் தெரிகிறது. ஃபெனாந்த்ரோலினுக்குப் பதில் தயோசயனேட் என்ற மருந்து உள்ள கிட் என்றால் இன்னும் மோசம். அது ஃபெரிக் இரும்பையே தேடுவதால் ஈடிடிஏவிடம் தோற்றுவிடும்.

சோதித்துப் பாருங்கள். தொட்டி நீரில் கிட்டின் மருந்து விட்ட சோதனைக் குழாயை மூடி இருட்டில் வைத்து, 5 நிமிடம், 30 நிமிடம், மறுநாள் காலை என மூன்று முறை படியுங்கள். காய்ச்சி வடித்த நீரிலும் அதே மருந்தை விட்டுப் பக்கத்தில் வையுங்கள். தொட்டி நீர் மட்டும் நிறம் ஏறினால் காரணம் ஈடிடிஏதான். வடித்த நீரும் ஏறினால் மருந்தைச் சந்தேகியுங்கள்.

தெரிந்த அளவு இரும்பைச் சேர்த்து, அது முழுதாகத் தெரிந்தால் கிட் சரி என்று பலர் முடிவு கட்டுவார்கள். அதை நம்பாதீர்கள். புதிதாகச் சேர்த்த இரும்பு தெரிகிறது என்பதற்குத்தான் அது சாட்சி. ஏற்கெனவே கட்டுண்டது அப்போதும் மறைந்தே இருக்கலாம்.

நாளை ஈடிடிஏவுக்குப் பதில் ஈடிடிஹெச்ஏ (EDDHA) என்ற வேறு சேர்மம் இரும்பைப் பிடித்திருக்கும் உரத்துக்கு மாறினால் கோளாறு எதிர்த்திசையிலும் வரும். அந்த உரமே சிவப்பு. மருந்து விடாத தொட்டி நீரின் நிறத்தைச் சுழியமாக (பூஜ்ஜியமாக) வைத்துக்கொள்ளாவிட்டால் அதன் நிறமும் இரும்புக் கணக்கில் சேரும்.

துல்லியமான மொத்த அளவு வேண்டுமானால் லேப்பில் கொடுத்து, நீரைச் சுடரில் செலுத்தி அளக்கும் அணு உறிஞ்சல் முறையில் பார்க்கச் சொல்லுங்கள். அந்தச் சுடரில் ஈடிடிஏ எரிந்துபோகும். நிறமுறையில்தான் பார்ப்பார்கள் என்றால் பெர்சல்ஃபேட்டும் அமிலமும் சேர்த்துக் கொதிக்கவைத்து ஈடிடிஏவைச் சிதைத்த பிறகே அளக்க வேண்டும். வெறும் ஹைட்ரோகுளோரிக் அமிலக் கொதிப்பு துருவைக் கரைக்கும், ஈடிடிஏவை அழிக்காது. இந்த வேலையை வீட்டு அடுப்பில் செய்யாதீர்கள். போத்தலின் மேல் "ஈடிடிஏ கலந்தது" என்று மறக்காமல் எழுதிக் கொடுங்கள்.